சித்திக்கா பீவியின் முகவரி

காரைக்கால்,
3 நவம்பர் 2024

மச்சானுக்கு ஜஸீலாவின் ஸலாம்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். மெயிலை மட்டும் மறந்துபோய் விட்டீர்களா, தெரிந்தே விட்டு வைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. தெரிந்தே விட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி நினைக்காவிட்டால் எழுத வராது.

உங்கள் உம்மா, என் மாமி, மவுத்தாகிக் கண் மூடிய அன்று நடந்ததை உங்களுக்கு ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். வாசலில் நின்றவள் நான். நான் சொல்வதையும் ஒரு தடவை கேளுங்கள்.

லுஹர் தொழுதுவிட்டு அஸ்ஃபியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். நம் வாசலில் சைரன் சத்தம். எட்டிப் பார்த்தால் நம் ஊர்ச் சங்கத்து ஆம்புலன்ஸ், கொரோனா சமயத்தில் நீங்களெல்லாம் ஷார்ஜாவில் ஒன்று சேர்ந்து வாங்கி அனுப்பினீர்களே, அதே வண்டி. டிரைவர் முருகானந்தம் ஸ்ட்ரெச்சரைக் கீழேயே இறக்கிவிட்டார்.

"இங்க யாரும் கூப்புடலையேண்ணே, வேற வூடா இருக்கும். நல்லா பாருங்க" என்றேன்.

"இந்த வூடுதாம்மா காட்டுது. பேசுன அம்மாவுக்கு மூச்சு வாங்குது. சீக்கிரம் வாங்கன்னாங்க, அதுக்கு மேல பேச்சு வரல" என்றார்.

அதற்குள் என் உம்மா உள்ளேயிருந்து, "யாரு வூட்டு வாசல்ல வந்து நின்னு இப்புடி அலற வுடுறீங்க? புள்ளை பயப்புடுதுல்ல!" என்று சத்தம் போட்டார்கள். நானும் அவரோடு வாதாடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், அதைக் கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெயர் சித்திக்கா பீவி. நம்பர் மாமியின் நம்பர். முகவரி நம் வீடு.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது மச்சான். வேறு யார் பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. யாராவது அழைத்தால் அவர் நம்பரை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து டிரைவரின் போனில் காட்டுவது நான் எழுதிக் கொடுத்த புரோகிராம்தானே.

பிள்ளையை உம்மா கையில் திணித்துவிட்டு அந்த வண்டியிலேயே ஏறினேன். முருகானந்தம் பூவத்துக்காரர், கீழவாஞ்சூரில் மாமி வீடு எது என்று அவருக்குத் தெரியாது. ஊரின் வடகோடி ஆளுக்குத் தென்கோடியில் நான் வழி சொன்னேன். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நின்றன. சைரன் கேட்டாலும் ஒதுங்க இடம் வேண்டாமா? நான் மாமிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

நாங்கள் போனபோது பக்கத்து வீட்டுக் காசியம்மா மாமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டிருந்தது. "அப்பவே ஆட்டோ கொண்டாந்து நிறுத்திட்டேன் பாப்பா. ஏற மாட்டேனுட்டாங்க. எம் மவன் வாங்கி வுட்ட வண்டி வருது, அதுலதான் போவேன்னு உக்காந்துட்டாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். யார் மூலமாவது வரத்தான் போகிறது, என்னிடமிருந்தே வரட்டும்.

புரோகிராம் என்னுடையது. தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஈத் பெருநாளுக்கு உங்களுக்கு லீவு உண்டல்லவா, வாருங்கள். வந்து நேரில் திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜஸீலா


ஷார்ஜா,
8 நவம்பர் 2024

ஜஸீலா,

மெயிலை மறக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று பார்க்கிறேன். இதுவரை வரவில்லை.

உம்மாவின் முகத்தை நான் போனில்தான் பார்த்தேன். பிடித்தவர் கை ஆடியதில் பாதி நேரம் கஃபன் துணியும் யாருடைய சட்டையோவும்தான் தெரிந்தது. அவர்களை மண்ணில் வைத்த நேரத்தில் நான் ஸ்டோரில் அட்டைப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்டாக் எடுப்பு முடியாமல் லீவு இல்லையாம். பெற்ற தாய்க்கு ஒரு பிடி மண் தள்ள முடியவில்லை எனக்கு.

நம் ஊர் வழக்கத்தை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண் பிள்ளை பெற்றவளுக்கு வீடு நிறையும், மாப்பிள்ளை வந்து கூடவே தங்குவான், பேரப் பிள்ளைகள் மடியில் வளரும். என் உம்மாவைப் போல ஒற்றை மகனைப் பெற்றவளுக்கு என்ன? மகனுக்கு மாலை போட்டு மருமகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்து தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். என்னை அனுப்பிய அன்று அவர்கள் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

உன் உம்மா ஒரு தடவையாவது வாய் நிறைய, "நீங்களும் இங்க வந்துடுங்க சம்பந்தி" என்று கூப்பிட்டிருக்கிறார்களா? கூப்பிட்டார்கள், மாமிதான் வரவில்லை என்று நீ எழுதுவாய். கூப்பிடுவதில் எத்தனை விதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எழுதாதே.

எங்கள் ரூமில் என் பொண்டாட்டி எழுதிய புரோகிராம், என் பொண்டாட்டி எழுதிய புரோகிராம் என்று தம்பட்டம் அடித்தவன் நான். இப்போது ஒருவனும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சோறு எடுத்து வைத்துவிட்டு நகர்ந்து போய்விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்குச் சொல். கீழவாஞ்சூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மவுத்தான என் உம்மா, உன் புரோகிராமில் எப்படி உன் வீட்டுக்குப் போனார்கள்? உயிரோடு இருந்தவரை உன் வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்காத மனுஷி. எனக்குப் புரிகிற மாதிரி எழுது. இங்கிலீஷைப் போட்டுக் குழப்பாதே.

நஜ்முதீன்


காரைக்கால்,
15 நவம்பர் 2024

மச்சானுக்கு ஸலாம்.

திட்டி எழுதினாலும் எழுதினீர்களே, அல்ஹம்துலில்லாஹ். உம்மா கூப்பிட்டதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் கேட்டதற்கு மட்டும் வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புரோகிராமில் கிளாஸ் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூட வகுப்பு இல்லை. ஒரு ஆளைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. நான் 'உறுப்பினர்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். உறுப்பினர் என்றால் பெயர், போன், ரத்த வகை, வீடு. இந்த நாலுக்கும் பிராப்பர்ட்டி என்று பெயர். கிளாஸில் ஆள் யாரும் கிடையாது, நிரப்பாத விண்ணப்பம் மாதிரி இடம் மட்டும்தான். அந்தக் கிளாஸை வைத்து ஒவ்வொரு ஆளாக உண்டாக்கினால் அது ஆப்ஜெக்ட். மாமி ஒரு ஆப்ஜெக்ட், நீங்கள் ஒரு ஆப்ஜெக்ட். மாமிக்குத் தனிப் பெயர், தனிப் போன். உங்களுக்குத் தனிப் பெயர், தனிப் போன். உங்கள் போன் நம்பரை மாற்றினால் மாமியுடையது மாறாது. இதுவரை எல்லாம் சரி.

வீடு மட்டும் வேறு. வீட்டுக்குக் கதவு நம்பர், தெரு, ஊர், அடையாளம் என்று பல விஷயங்கள் இருக்கின்றனவே என்று அதை ஒரு தனிக் கிளாஸாக எழுதினேன். ஆக, வீடும் ஒரு ஆப்ஜெக்ட். பெயர், நம்பர் இவற்றை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் நகலாகிவிடும். நான் புரோகிராம் எழுதிய மொழியான பி.எச்.பி.யில் ஆப்ஜெக்ட்டை அப்படிக் கொடுத்தால் நகல் ஆகாது. சாவிக்கடையில் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று போட்டு வாங்குகிறோமே, அது மாதிரி. சாவி இரண்டாகும், வீடு ஒன்றுதான். ஒருவர் சாவி போட்டுத் திறந்து சுவருக்குப் பச்சை அடித்தால், மற்றவர் திறக்கும்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

ஆம்புலன்ஸ் வந்த புதிதில், நம் நிக்காஹுக்கு முன்னால், சங்கத்தில் முதலில் மாமியைச் சேர்த்தார்கள். அடுத்து உங்களைச் சேர்க்கும்போது 'அதே வீடு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன், அதைத் தட்டினால் போதும். முகவரியை மறுபடி அடிக்கும் வேலை மிச்சம் என்று பெருமையாக வைத்தேன். தட்டினால் என் புரோகிராம் மாமியின் வீட்டை எடுத்து அப்படியே உங்களுக்குக் கொடுத்தது. இரண்டு சாவி, ஒரு வீடு.

நிக்காஹ் ஆன பிறகு உங்கள் பெயரில் வீடு மாற்றப்பட்டது. உங்களுக்குப் புது வீடு உண்டாக்கிக் கொடுக்காமல், இருந்த வீட்டின் உள்ளே போய்க் கதவு நம்பரையும் தெருவையும் ஊரையும் மாற்றியது என் புரோகிராம். அது மாமியின் வீடும்தான். அன்றிலிருந்து மாமியும் நம் வீட்டில் இருந்தார்கள். யாரும் அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

சங்கத்துக்குக் கொடுக்கும்முன் நான் சோதித்துப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். குடும்பத்தோடு வீடு மாறுகிறவர்களை வைத்துச் சோதித்தேன். ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாறியது, நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். நம் ஊரில் ஒவ்வொரு நிக்காஹிலும் ஒரு ஆண் மட்டும் தனியாக வீடு மாறுகிறான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியூர்ப் பெண் ஒருத்தி எழுதியிருந்தால், தான் புகுந்த வீட்டுக்குப் போனதை நினைத்தாவது அவளுக்குத் தோன்றியிருக்கும். நான் பிறந்த வீட்டில் இருக்கிறவள். வீட்டை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இதுதான் நடந்தது. இப்போது என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ஜஸீலா


ஷார்ஜா,
24 நவம்பர் 2024

ஜஸீலா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எங்கள் ஸ்டோரில் கம்ப்யூட்டர் பார்க்கும் அன்பழகன் குரும்பகரத்து ஆள், அவனிடமும் காட்டினேன். "சரியாத்தான் சொல்றாங்க பாய். சாவி ரெண்டு, வூடு ஒண்ணு. இந்தத் தப்ப பண்ணாத ஆளு இந்தத் தொழில்ல கிடையாது" என்றான். பாவம், ஆறுதல் சொல்கிறானாம்.

எல்லாம் விளங்கியது. ஒரு இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறாய். 'உங்கள் பெயரில் வீடு மாற்றப்பட்டது.' காற்று வந்து மாற்றியதா? மற்ற எல்லா இடத்திலும் நான் எழுதினேன், நான் வைத்தேன் என்கிறாய். அந்த இடம் வந்ததும் ஆளைக் காணோம்.

நீதான் மாற்றியிருப்பாய். கல்யாணம் ஆன கையோடு என்னை உன் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ள அவ்வளவு அவசரம். உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என்னிடமாவது கேட்டாயா?

இதற்காக உன்னை நான் தள்ளி வைக்கப் போவதில்லை. மனுஷன் தப்புச் செய்வான். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று என் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் எனக்கு ஒரு ஆள் வேண்டும், ஜஸீலா. கிளாஸும் ஆப்ஜெக்ட்டும் என் உம்மாவைக் கொன்றன என்றால் நான் யாரிடம் போய்க் கோபப்படுவேன்? யாரை மன்னிப்பேன்? நான்தான் மாற்றினேன் என்று ஒரு வரி எழுது. வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, மன்னித்துவிடுகிறேன், ஈத்துக்கு வருகிறேன். எழுதாமல் இப்படியே சுற்றி வளைத்தால் நான் வரவில்லை.

நஜ்முதீன்


காரைக்கால்,
19 டிசம்பர் 2024

மச்சான்,

பதில் எழுத நாளாகிவிட்டது. பிள்ளைக்குச் சளி, மழை விடவில்லை என்று காரணம் சொல்லலாம். அதெல்லாம் இல்லை.

நான்தான் மாற்றினேன். நிக்காஹ் ஆன புதிதில், உங்களிடமும் மாமியிடமும் கேட்காமல். நீங்கள் எழுதியது போலவே, அவசரத்தில்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஈத்துக்கு வாருங்கள். அஸ்ஃபியா இப்போது 'வாப்பா' என்று தெளிவாகச் சொல்கிறாள். முன்பு போன் பக்கம் கையைக் காட்டித்தான் சொல்வாள். இப்போது போன் அடிப்பதே இல்லையா, வாசலில் யார் செருப்பு கிடந்தாலும் ஓடிப் போய்ப் பார்க்கிறாள்.

ஜஸீலா


ஷார்ஜா,
17 ஜனவரி 2025

ஜஸீலா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லி உனக்கு எழுதி எவ்வளவு நாளாயிற்று!

உன் கடிதம் வந்ததும் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நன்றாக அழுதேன். அதற்கு முன் உம்மாவுக்காக நான் அழவே இல்லை, கத்திக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். அழுது முடித்ததும் மனசு இறங்கிவிட்டது. உன்னை மன்னித்துவிட்டேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்து, கிடைத்தும் விட்டது. நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது திருச்சியில் இறங்குகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. அஸ்ஃபியாவுக்குப் பேசுகிற பொம்மை ஒன்று வாங்கியிருக்கிறேன், அது அரபியில் பேசித் தொலைக்கிறது. உனக்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன், என்னவென்று சொல்ல மாட்டேன். வந்ததும் முதலில் உம்மாவை அடக்கிய கபுருக்குப் போக வேண்டும். பிறகு உம்மா வீட்டை இரண்டு பேருமாகக் கழுவி விடலாம். உன் உம்மாவிடமும் நான் எழுதியதற்கு மாப்பு கேட்கிறேன்.

நீ எழுதியதிலிருந்து நம் நிக்காஹ் சமயம்தான் நினைப்பு. அந்த லீவில் ஒரு சாயங்காலம் மழை விட்டு வெயில் அடித்தது, மாடியில் துணி காயப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். உன் மடியில் லேப்டாப். நீ எழுதிய புரோகிராமைக் காட்டு, ஊரே மெச்சுகிறதே என்றேன். என் பெயரை அடித்தாய். கீழவாஞ்சூர் என்று வந்தது. "அய்யய்ய, என் மாப்பிள்ளை இன்னும் அவுக உம்மா வூட்டுலயே இருக்காரே!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கொடு இங்கே என்று லேப்டாப்பைப் பிடுங்கினேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். உன் வீட்டுக் கதவு நம்பர்கூட எனக்குத் தெரியாது, உன்னிடம் கேட்டேன். நீ சொன்னாய், நான் அடித்தேன். "இனிமே நான் இந்த வூட்டு ஆளு, போதுமா?" என்று சொல்லி

ஜஸீலா, நான்தான் அடித்தேன்.

நீ இல்லை. நான் அடித்தேன். கீழவாஞ்சூர் என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தவன் நான். எவ்வளவு சந்தோஷமாக அழித்தேன்!

மேலே எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டேதான் நான் மாற்றினேன் என்று எழுதினாயா?

நஜ்முதீன்


காரைக்கால்,
18 ஜனவரி 2025

மச்சான்,

தெரியும். முருகானந்தம் போனை நீட்டியபோதே எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்துவிட்டது. வண்டியில் போகும்போது இது உங்களுக்குத் தெரியவே கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே போனேன். மாமிக்காகக் கேட்க வேண்டிய நேரத்தில் அதைக் கேட்டேன்.

பொய்தான் எழுதினேன். நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான். அதில் தியாகம் ஒன்றும் இல்லை, எனக்குப் புருஷன் வேண்டும், பிள்ளைக்கு வாப்பா வேண்டும். நான் என்று ஒரு வரி எழுதினால் வருவேன் என்றீர்கள், எழுதினேன். கேட்ட விலையைக் கொடுத்தேன், அந்த விலை மலிவாகத்தான் இருந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள், உங்கள் காலில் விழுகிறேன். நீங்கள் உங்கள் வீட்டை மாற்றினீர்கள். மாப்பிள்ளை ஆனவர் செய்ய வேண்டியதுதான் அது. அதற்காகத்தான் அந்தத் திரையில் அந்த இடத்தையே வைத்தேன். மாமியை யாரும் மாற்றச் சொல்லவில்லை, நீங்கள் மாற்றவும் இல்லை. நான் 'குளோன்', அதாவது நகல் எடு, என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டு வீட்டைக் கொடுத்திருந்தால் உங்களுக்குத் தனி வீடு உண்டாகியிருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எதை அழித்து எதை அடித்திருந்தாலும் கீழவாஞ்சூர் கீழவாஞ்சூராகவே இருந்திருக்கும். அந்தச் சொல்லைப் போடாதவள் நான். நீங்கள் சிரித்துக்கொண்டு அடித்தது எப்படிப் பாவமாகும்?

அந்தச் சொல்லை இப்போது போட்டுவிட்டேன். சங்கத்தில் இருக்கிற எல்லோரையும் பார்த்தேன். எத்தனை உம்மாமார் தங்கள் மகன்களின் மாமியார் வீட்டு முகவரியில் கிடந்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சரி செய்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. "நாங்க எங்க வூட்டுலதானம்மா இருக்கோம், நாங்க எங்க போனோம்?" என்று ஒரு அம்மா சிரித்தார்கள். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கெட்டை மாற்றாதீர்கள். வந்துவிடுங்கள். அழுதால் இரண்டு பேரும் சேர்ந்து அழலாம்.

ஜஸீலா


ஷார்ஜா,
14 பிப்ரவரி 2025

ஜஸீலா,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்மேல் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்தவரை நான் நன்றாகத்தான் இருந்தேன். காலையில் எழுந்தால் திட்ட ஒரு ஆள் இருந்தாள், திட்டிக்கொண்டே வேலைக்குப் போவேன். உன்னை மன்னிப்பதும் எனக்குச் சுலபமாக இருந்தது. பெரிய மனுஷன் மாதிரி மன்னித்தேன் பார்! என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

நீ குளோன் என்கிறாய், அன்பழகனும் அதையேதான் சொல்கிறான். நீங்கள் சொல்வது சரி, எனக்கு விளங்காமல் இல்லை. புத்திக்கு விளங்குகிறது. ஆனால் உம்மா அங்கே ஆட்டோவில் ஏறாமல் என் வண்டிக்காக உட்கார்ந்திருந்தார்களே, அந்த வண்டி எங்கே போனது? நான் ஒற்றை விரலால் அடித்த இடத்துக்குப் போனது. அதுவும் துக்கத்திலோ கோபத்திலோ அடித்திருந்தால் பரவாயில்லை. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒரு சாயங்காலம் கிடையாது. எனக்கு அந்தச் சாயங்காலம் போய்விட்டது, ஜஸீலா. அது போனால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் வேறு என்ன இருக்கிறது? மிச்சமெல்லாம் போன் பேச்சுதானே.

ஈத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். டாக்ஸி உன் வாசலில் நிற்கும். நான் இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் நின்ற இடம் அது. என்னால் இறங்க முடியாது. நீ ஓடி வருவாய், பிள்ளை ஓடி வரும், நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். அதை அஸ்ஃபியா பார்க்க வேண்டாம்.

கீழவாஞ்சூர் வீட்டையும் விற்கச் சொல்லிவிட்டேன். அங்கேயும் என்னால் கால் வைக்க முடியாது. சாவி காசியம்மாவிடம் இருக்கிறது. உம்மாவின் துணிமணியில் ஏதாவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள், மற்றதைக் கொடுத்துவிடு.

நான் தலாக் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயாகப் பிரிந்துகொள்ள குலா கேட்டால் மறுக்கவும் மாட்டேன். உன் இஷ்டம். என்னை வரச் சொல்லி மட்டும் எழுதாதே.

நஜ்முதீன்


காரைக்கால்,
31 மார்ச் 2025

மச்சானுக்கு ஈத் முபாரக்.

வரச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

அஸ்ஃபியாவுக்கு மஞ்சள் பாவாடை தைத்தேன். காலையிலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறாள். வட்டலப்பம் செய்தோம், சரியாக வரவில்லை. வீடு கை மாறும் முன்பே கீழவாஞ்சூருக்குப் போய் மாமியின் துணிகளை எடுத்து வந்தேன். இரண்டு சேலையை நான் வைத்துக்கொண்டேன், மற்றதைக் காசியம்மாவிடம் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டார். குலாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை.

சங்கத்தில் கொஞ்ச நாள் என் புரோகிராமை நிறுத்தி வைத்திருந்தார்கள். வேறு ஆளை வைத்துச் சோதித்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது, எல்லோரையும் முதலிலிருந்து சேர்த்துக் கொடு என்றார்கள். உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை 'அதே வீடு' என்ற கட்டம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டைத் தனியாக உண்டாக்கிக் கொடுத்தால்தான் ஏற்கும். வீடு இல்லாமல் ஒரு உறுப்பினரை உண்டாக்கவே முடியாதபடி எழுதியிருக்கிறேன். காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் தப்பு என்று சொல்லி நின்றுவிடும். வண்டி மறுபடி யார் வாசலிலும் தவறி நிற்கக்கூடாது என்பதற்காக அப்படி.

எல்லோரும் முடிந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் பாக்கி. கீழவாஞ்சூர் என்று போட முடியாது, அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஷார்ஜா என்று போட்டால் ஏற்காது, காரைக்காலுக்குள்தான் வண்டி ஓடும். நம் வீட்டை அடிக்கத்தான் கை போகிறது. போகும், நான் நிறுத்திக்கொள்வேன். உங்களைக் கேட்காமல் இனி எதையும் அடிக்க மாட்டேன்.

உங்கள் பெயர், போன், ரத்த வகை எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். வீடு என்ற இடத்தில் நிற்கிறது. என்ன போடட்டும் மச்சான்? ஒரு வரி எழுதினால் போதும்.

ஜஸீலா


ஷார்ஜா,
6 ஏப்ரல் 2025

ஜஸீலா,

என் பெயரை எடுத்துவிடு. அஸ்ஃபியாவுக்கு முத்தம்.

நஜ்முதீன்